ஒரே மரம், ஒரே வாரம்

டோக்கியோவின் வட பகுதியில், ஓஜி ரயில் நிலையத்தை ஒட்டி ஒரு சின்னக் குன்று இருக்கிறது. பெயர் அசுகாயாமா. 'யாமா' என்றால் ஜப்பானிய மொழியில் மலை. இந்த மலையின் உயரம் 25.4 மீட்டர்தான். எட்டு மாடிக் கட்டடம் பக்கத்தில் நின்றால் மலை தோற்றுப்போகும். உள்ளூர்க்காரர்கள் விட்டுக்கொடுப்பதாக இல்லை. உச்சியில் உயரத்தைக் குறித்துக் கல் நட்டு வைத்திருக்கிறார்கள். ஏற முடியாத முதியவர்களுக்கும் தள்ளுவண்டிக் குழந்தைகளுக்கும் அடிவாரத்திலிருந்து ஒரு குட்டி ரயில்பெட்டி இலவசமாக ஓடுகிறது. இரண்டு நிமிடப் பயணம். பார்க்க நத்தைபோல் இருப்பதால், குன்றின் பெயரோடு நத்தையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லைக் கோத்து 'அசுகார்கோ' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

மார்ச் மாதக் கடைசியில், வார நாள் ஒன்றின் முற்பகலில் இங்கே போனால் ஏறக்குறைய 600 செர்ரி மரங்கள் ஒன்றாகப் பூத்திருக்கும். கிளையில் ஓர் இலைகூட இராது. வெள்ளையில் துளி ரோஜா நிறம் கலந்த பூக்கள் மட்டும். மரத்தடியில் நீலத் தார்ப்பாய்கள். ஒவ்வொன்றின் விளிம்பிலும் கழற்றி வைத்த செருப்புகளும் காலணிகளும், வீட்டு வாசலில் கிடப்பதைப்போல வரிசையாக. ஒரு பாயில் ஓய்வுபெற்ற பெரியவர்கள் நால்வர். இன்னொன்றில் கைக்குழந்தையோடு வந்த தாய்மார்கள். மஞ்சள் தொப்பி அணிந்த மழலையர் பள்ளிப் பிள்ளைகள், பூங்காவில் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும் பழைய நீராவி எஞ்சினைச் சுற்றி ஓடுகிறார்கள். கீழே, ஒற்றைப் பெட்டி டிராம் ஒன்று கார்களோடு கார்களாகச் சாலையில் வளைந்து திரும்புகிறது. அந்தத் தடத்துக்கு இப்போது 'டோக்கியோ சகுரா டிராம்' என்று செல்லப்பெயர். 'சகுரா' என்றால் செர்ரி.

இதுதான் ஹனாமி. 'ஹனா' பூ, 'மி' பார்த்தல். மேடை, சாமி, ஊர்வலம் எதுவும் கிடையாது. கட்டுச்சோற்றைப் பிரித்து, பூவுக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வீடு திரும்புவார்கள். நாள்காட்டியில் இதற்கென்று தேதி கிடையாது. மரம் என்றைக்குப் பூக்கிறதோ அன்றைக்குத்தான் விழா.

பார்வைக்கு இயற்கை தானாகப் போட்டுக் கொடுத்த பந்தல்போலத் தெரியும். உண்மையில் இந்தக் குன்றின் முதல் கன்றிலிருந்து, மேலே விரிந்திருக்கும் பூவின் ரகம்வரை, ஏன், 'இந்த வாரம் விட்டால் போச்சு' என்கிற அவசரம்வரை எல்லாமே மனிதர் கைவேலை.

ஷோகன் நட்ட தோப்பு

1720ஆம் ஆண்டு. டோக்கியோவுக்கு அப்போது பெயர் எடோ. நாட்டை ஆண்டவர் எட்டாவது தொகுகவா ஷோகன் யோஷிமுனே. சிக்கனத்துக்கும் சீர்திருத்தத்துக்கும் பெயர்போனவர். அந்த ஆண்டும் அடுத்த ஆண்டுமாக அசுகாயாமாவில் 1,270 செர்ரிக் கன்றுகளை அவர் நடவைத்தார்.

எடோவில் அதற்கு முன்பே பூ பார்க்க நல்ல இடம் ஒன்று இருந்தது: உவேனோ. ஆனால் அது ஷோகன் குடும்பத்தின் கானேய்ஜி ஆலய வளாகம். முன்னோர் சமாதிகள் இருக்கும் இடத்தில் பாட்டும் கூத்தும் குடியும் ஆகாது. பொழுது சாய்ந்தால் வாயிற்கதவைச் சாத்திவிடுவார்கள். நெருக்கமான வரிசை வீடுகளில் முடங்கிக் கிடந்த எடோ மக்களுக்கு, ஆண்டில் ஒருநாள் வாய்விட்டுச் சிரிக்க ஓர் இடம் தேவைப்பட்டது. அந்த இடமாகத்தான் அசுகாயாமா உருவானது. சுமிதா ஆற்றங்கரையிலும் யோஷிமுனே காலத்தில் செர்ரி நட்டார்கள்.

அசுகாயாமாவில் குடிக்கலாம், பாடலாம், வேஷம் கட்டலாம். 1733இல் தேநீர்க் கடைகள் வந்தன. சுடுமண் தட்டுகளைக் குன்றிலிருந்து கீழே வீசி விளையாடுவது அந்நாளைய பொழுதுபோக்கு. 1737இல் குன்றின் வரலாற்றைச் சொல்லும் கல்வெட்டு ஒன்றை நிறுத்தினார்கள். அதன் சீன மொழிநடை படித்தவர்களுக்கே பிடிபடாத அளவுக்குக் கடினம். யாராலும் வாசிக்க முடியாத கல் என்று எடோ மக்கள் அதைக் கேலி செய்து துணுக்குக் கவிதைகள் எழுதினார்கள். கல் இன்றும் அங்கேயே நிற்கிறது.

ஷோகன் ஆட்சி போய் மெய்ஜி அரசு வந்ததும், 1873இல் ஜப்பானின் முதல் பொதுப் பூங்காக்கள் அறிவிக்கப்பட்டன. டோக்கியோவுக்குக் கிடைத்த ஐந்தில் அசுகாயாமாவும் ஒன்று, உவேனோவும் ஒன்று. நவீன ஜப்பானின் தொழில்துறைக்கு அடித்தளமிட்ட ஷிபுசாவா எய்இச்சி இந்தக் குன்றில்தான் வீடு கட்டினார். 1931இல் இறக்கும்வரை இங்கேயே வாழ்ந்தார். 2024 ஜூலையில் வெளியான புதிய 10,000 யென் தாளில் இருக்கும் முகம் அவருடையது. அவர் பெயரிலான அருங்காட்சியகம் பூங்காவுக்கு உள்ளேயே இருக்கிறது.

முதலில் வேறொரு பூ

பூவுக்குக் கீழே உட்கார்ந்து விருந்துண்பது எடோவுக்கும் முந்திய பழக்கம். முதலில் கொண்டாடப்பட்ட பூ செர்ரிகூட இல்லை. சீனத்திலிருந்து வந்த 'உமே' என்ற பிளம் பூ. எட்டாம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட 'மன்யோஷு' கவிதைத் தொகையில் உமே பற்றிய பாடல்கள் நூற்றுக்கும் மேல். சகுரா பற்றியவை நாற்பதை ஒட்டியவை. சீன மோகம் தணிந்து சொந்த மண்ணின் ரசனை தலைதூக்கியபோது இந்தக் கணக்குத் தலைகீழானது. 812இல் சாகா பேரரசர் கியோத்தோவின் ஷின்சென்என் தோட்டத்தில் நடத்திய பூவிருந்தைத்தான் சகுரா ஹனாமியின் முதல் பதிவாகச் சொல்கிறார்கள்.

அரசவையிலிருந்து அது போர்வீரர்களிடம் போனது. ஜப்பானை ஒரு குடைக்கீழ் கொண்டுவந்த தொயோதோமி ஹிதெயோஷி, 1594இல் ஐயாயிரம் பேரைத் திரட்டிக்கொண்டு யோஷினோ மலைக்குப் பூ பார்க்கப் போனார். 1598 வசந்தத்தில் கியோத்தோவின் தாய்கோ ஆலயத்தில் இன்னொரு விருந்து. அதற்காகவே எழுநூறு மரங்களைக் கொண்டுவந்து நட்டார்கள். அந்த ஆண்டே அவர் காலமானார். இந்த ஆடம்பரத்தைச் சாமானியர் கைக்குக் கொண்டுவந்ததுதான் யோஷிமுனே செய்த வேலை.

சோமெய் கிராமத்து ஒட்டுக்கன்று

ஆனால் யோஷிமுனே நட்ட மரங்களும் இன்று அசுகாயாமாவில் நாம் பார்க்கும் பெரும்பாலான மரங்களும் ஒன்றல்ல. அவர் நட்டது காட்டு ரகமான 'யாமாசகுரா'. விதையிலிருந்து முளைப்பதால் ஒவ்வொரு மரமும் ஒவ்வொரு விதம். பூவோடு கூடவே செம்பழுப்புத் தளிரும் வரும். ஒன்று இன்று பூக்கும், அடுத்தது நான்கு நாள் கழித்துப் பூக்கும். பல ரகங்கள் மாறி மாறிப் பூத்ததால் எடோ மக்களின் பூக்காலம் ஏறக்குறைய ஒரு மாதம் நீடித்தது.

அசுகாயாமாவிலிருந்து நடந்தே போய்விடும் தூரத்தில், இன்றைய கோமாகோமே பகுதியில், சோமெய் என்றொரு கிராமம் இருந்தது. ஊர் முழுக்க நாற்றுப்பண்ணைக்காரர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், எடோ காலம் முடியும் தறுவாயில், அவர்கள் புதிய கன்று ஒன்றை விற்கத் தொடங்கினார்கள். முதலில் அதற்கு 'யோஷினோ' என்று பெயர் சொன்னார்கள். யோஷினோ மலை மரத்தோடு குழப்பம் வந்தது. 1900இல் தாவர ஆய்வாளர் புஜினோ யோரினாகா, கிராமத்தின் பெயரையும் சேர்த்து 'சோமெய் யோஷினோ' என்று பெயரிட்டார்.

எடோஹிகன், ஓஷிமா என்ற இரு செர்ரி இனங்களின் கலப்பு அது. ஒன்றிடமிருந்து இலைக்கு முன்னே பூக்கும் குணம். மற்றதிடமிருந்து பெரிய பூவும் வேகமான வளர்ச்சியும். நட்டுப் பத்தாண்டுக்குள் பார்க்கத்தக்க மரமாகிவிடும். நகராட்சிகளுக்கும் பள்ளிகளுக்கும் இதைவிட வேறென்ன வேண்டும்? ஆற்றங்கரை, பள்ளி வளாகம், கோட்டை அகழி என்று நாடு முழுக்க நட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் பல நகரங்கள் எரிந்த பிறகு மறுபடியும் பெருமளவில் நட்டார்கள்.

இதில் ஒரு சங்கதி உண்டு. சோமெய் யோஷினோ தன் மகரந்தத்தால் தானே காய்க்காது. ஆகவே நம் ஒட்டு மாங்கன்றைப் போலத்தான் இதையும் பெருக்க வேண்டும்: நல்ல மரத்தின் குச்சியை வெட்டி இன்னொரு வேர்க்கன்றில் ஒட்டுக்கட்ட வேண்டும். அப்படி வளரும் மரம் தாய்மரத்தின் அச்சு அசல். அசுகாயாமாவின் சோமெய் யோஷினோவும் ஒசாகாவின் சோமெய் யோஷினோவும் மரபணு அளவில் ஒரே மரம். மரபணு ஆய்வுகள் இதை உறுதி செய்திருக்கின்றன.

ஒரே மரம் என்பதால் ஒரே வெப்பத்துக்கு ஒரே மாதிரி விழிக்கும். ஒரு பூங்காவில் இருக்கும் அத்தனையும் ஒன்றாக மொக்கவிழும், ஒன்றாக முழுமலர்ச்சிக்கு வரும், ஒன்றாகக் கொட்டும். மலர்ச்சி தொடங்கி முழுதாக விரிய ஒரு வாரம். பிறகு மழையோ காற்றோ வராதிருந்தால் இன்னும் சில நாள். ஒரு மாத நிதானம் ஒரு வார ஓட்டமாக மாறியது இந்த ஒட்டுக்கன்றால்தான். சகுராவின் நிலையாமை பற்றி ஜப்பானியர் உருகி உருகிப் பேசுவது பழங்காலம் தொட்டு இருக்கிறது. அந்த நிலையாமைக்குக் கறாரான கால அட்டவணை போட்டுக் கொடுத்தது நாற்றுப்பண்ணை.

ஐந்து பூ மலர்ந்தால் செய்தி

அந்த ஒரு வாரம் எப்போது வரும்? இதைச் சொல்ல ஜப்பானில் அரசு ஊழியர்கள் இருக்கிறார்கள். வானிலை மையம் நாடெங்கும் குறிப்பிட்ட இடங்களில் 'மாதிரி மரம்' ஒன்றை வைத்திருக்கிறது. டோக்கியோவுக்கான மரம் யாசுகுனி ஆலய வளாகத்தில் நிற்கிறது. மார்ச் நடுவில் கோட்டு அணிந்த வானிலை அலுவலர் தினமும் வந்து கிளைகளை அண்ணாந்து பார்த்துப் பூக்களை எண்ணுவார். சுற்றிலும் தொலைக்காட்சிக் கேமராக்கள். ஐந்தாறு பூக்கள் விரிந்திருந்தால் 'கைக்கா', அதாவது மலர்ச்சி தொடங்கிவிட்டது என்று அறிவிப்பார். நான்குதான் என்றால் நாளை வாருங்கள். மொக்குகளில் எண்பது சதவீதத்துக்கு மேல் விரிந்தால் 'மன்காய்', முழுமலர்ச்சி. மாதிரி மரமும் அநேகமாக எங்கும் சோமெய் யோஷினோதான். ஒரு மரத்தை எண்ணி ஊர் முழுவதற்கும் தேதி சொல்ல முடிவதற்குக் காரணம், எல்லாம் ஒரே மரம் என்பதே. ஒகினாவாவில் வேறு ரகம். அங்கே ஜனவரியிலேயே பூத்துவிடுகிறது.

இந்த மலர்ச்சி தெற்கிலிருந்து வடக்கே நகர்வதை வரைபடத்தில் கோடாகப் போட்டு 'சகுரா முனை' என்கிறார்கள். மார்ச் கடைசியில் கியூஷு, டோக்கியோ. ஏப்ரல் கடைசியில் அவோமோரி. மே மாதத்தில் ஹொக்கைடோ.

முன்கணிப்புக்குப் பாமரரும் போடக்கூடிய கணக்கு ஒன்று இருக்கிறது. பிப்ரவரி 1 முதல் ஒவ்வொரு நாளின் உச்ச வெப்பநிலையையும் கூட்டிக்கொண்டே வாருங்கள். கூட்டுத்தொகை 600 டிகிரி செல்சியஸைத் தொடும்போது டோக்கியோவில் பூ விரியும். துல்லியமான விதி இல்லை. ஆனால் பல ஆண்டுகளில் ஓரிரு நாள் வித்தியாசத்தில் சரியாக வந்திருக்கிறது. வெப்பம் மட்டும் போதாது என்பது இதன் மறுபக்கம். முந்தைய கோடையில் உருவான பூமொக்கு இலையுதிர் காலத்தில் உறங்கிவிடும். குளிர்காலத்தின் கடுங்குளிர் சில வாரம் உறைத்தால்தான் அந்த உறக்கம் கலையும். அதற்குப் பிறகு வரும் வெயில்தான் மொக்கை வளர்க்கும்.

பல்லாண்டுகளாக முன்கணிப்பையும் வானிலை மையமே வெளியிட்டு வந்தது. 2007இல் கணினிப் பிழையால் டோக்கியோ உள்ளிட்ட சில நகரங்களுக்குத் தேதியைத் தவறாகச் சொல்லிவிட்டு, அதிகாரிகள் பொதுமக்களிடம் மன்னிப்புக் கேட்டார்கள். உணவகங்கள், சுற்றுலா நிறுவனங்கள், மதுக்கடைகள் எல்லாம் அந்தத் தேதியை நம்பித்தான் சரக்குப் பிடிக்கின்றன. 2010 முதல் முன்கணிப்புத் தனியார் வானிலை நிறுவனங்கள் கைக்குப் போனது. பூவை எண்ணி அறிவிப்பது மட்டும் இன்னும் அரசு வேலை.

பாய்க்குக் காவல்

தேதி தெரிந்ததும் அடுத்த கவலை இடம். ஜப்பானில் பள்ளி ஆண்டும் பெரும்பாலான நிறுவனங்களின் நிதியாண்டும் ஏப்ரல் 1இல் தொடங்குகின்றன. டோக்கியோவின் சராசரி முழுமலர்ச்சி நாள் மார்ச் 31. பிரிவுபசாரமும் வரவேற்பும் பூவும் ஒரே வாரத்தில் வந்து விழுகின்றன. அதனால் அலுவலகப் பூவிருந்து ஒரு சடங்காகிவிட்டது. வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த இளைஞருக்கு முதல் பொறுப்பாக, காலையிலேயே தார்ப்பாயோடு பூங்காவுக்குப் போய் இடம் பிடிக்கும் பணி வரும். 'பாஷோதோரி' என்று அதற்குப் பெயர். மாலை வரும் மேலாளர்களுக்காக, கழுத்துப்பட்டை கட்டிய ஒருவர் காலி விரிப்பின் நடுவே தனியே உட்கார்ந்திருக்கும் காட்சி ஜப்பானியக் கேலிச்சித்திரக்காரர்களுக்குப் பிடித்தமான ஒன்று. இப்போது பல பூங்காக்களில் ஆளில்லாமல் பாயை விரித்துவிட்டுப் போகக் கூடாது.

நகைச்சுவைக்கு ஹனாமி நெடுங்காலமாகத் தீனி போட்டிருக்கிறது. ஒற்றை ஆள் உட்கார்ந்து கதை சொல்லும் 'ராகுகோ' கலையில் 'நாகயா நோ ஹனாமி' என்றொரு கதை. வாடகை பாக்கி வைத்திருக்கும் ஏழைக் குடித்தனக்காரர்களை, வீட்டுக்காரர் பூ பார்க்கக் கூட்டிப் போகிறார். குடுவையில் இருப்பது சாகே மது அல்ல, தண்ணீர் கலந்த தேநீர். பெட்டியில் மீன் பணியாரம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை முள்ளங்கி வில்லை. முட்டைப் பொரியலுக்குப் பதில் மஞ்சள் முள்ளங்கி ஊறுகாய். போதை ஏறியதுபோல நடிக்கச் சொல்கிறார் வீட்டுக்காரர். அவர்களும் நடிக்கிறார்கள். 'ஹனாமி நோ அதாஉச்சி' என்ற இன்னொரு கதையில், நண்பர்கள் சிலர் கூட்டத்தை மிரட்டி வேடிக்கை காட்டப் பழிவாங்கல் நாடகம் ஒன்றைப் போடுகிறார்கள். அதை நிஜமென்று நம்பிய சாமுராய் ஒருவர், உதவிக்கு நான் வருகிறேன் என்று கத்தியோடு இறங்கிவிடுகிறார். அந்தக் கதை அசுகாயாமாவில் நடப்பதாகவும் சொல்லப்படுவதுண்டு.

நிஜப் பெட்டியில் இருப்பது பெரும்பாலும் வீட்டுச் சாப்பாடுதான். உருட்டிப் பிடித்த சோறு, சுருட்டி எடுத்த முட்டைப் பொரியல், பொரித்த கோழி, ஊறுகாய். இனிப்புக்கு 'ஹனாமி தாங்கோ': ஒரே குச்சியில் மூன்று அரிசிமாவு உருண்டைகள், ரோஜா நிறம், வெள்ளை, பச்சை என்று. ரோஜா நிறம் பூ, வெள்ளை மிச்சமிருக்கும் பனி, பச்சை வரப்போகும் புல் என்று விளக்கம் சொல்வார்கள். பூ பார்க்க வந்தவர்கள் பூவைவிடக் கொழுக்கட்டையில் கண்ணாக இருப்பதைக் கிண்டல் செய்யும் பழமொழியும் இருக்கிறது.

இன்னொரு பலகாரத்துக்குத் தெளிவான பிறந்த ஊரும் ஆண்டும் உண்டு. 1717இல் சுமிதா ஆற்றங்கரையில் சோமெய்ஜி ஆலயத்தின் வாயிற்காவலர் யாமமோதோ ஷின்ரோகு, கொட்டிக் கிடந்த செர்ரி இலைகளைக் கூட்டி மாளாமல், அவற்றை உப்பில் ஊறவைத்தார். கோதுமை மாவை மெல்லிய தோசையாக வார்த்து, உள்ளே பயற்றுப் பூரணம் வைத்து, அந்த இலையால் மூடி ஆலய வாசலில் விற்றார். அதுதான் 'சகுரா மோச்சி'. மேற்கு ஜப்பானில் கோதுமைக்குப் பதில், வேகவைத்து உலர்த்தி உடைத்த ஒட்டரிசியில் செய்கிறார்கள். பச்சை இலைக்கு வாசனை கிடையாது. உப்பில் ஊறும்போது இலையில் கூமரின் என்ற பொருள் வெளிப்பட்டு, பெட்டியைத் திறந்ததும் மூக்கைத் தொடுகிற அந்த மணம் உண்டாகிறது. பயன்படுவது பெரும்பாலும் ஓஷிமா செர்ரியின் இலை. சோமெய் யோஷினோவின் பெற்றோரில் ஒன்றுதான் அது.

கொட்டும்போதும் பெயர் உண்டு

முழுமலர்ச்சியோடு விருந்து முடிவதில்லை. பூக்காலத்தில் திடீரென்று திரும்பி வரும் குளிருக்கு 'ஹனாபியே', வானம் மங்கிக் கிடப்பதற்கு 'ஹனாகுமோரி' என்று தனிச்சொற்கள் இருக்கின்றன. காற்றில் இதழ்கள் பனிப்புயலாகப் பறப்பது 'ஹனாஃபுபுகி'. குளத்தில் விழுந்த இதழ்கள் ஒன்று சேர்ந்து மிதப்பது 'ஹனாஇகதா', பூத்தெப்பம். பூ போய் இளம் இலை வந்த மரம் 'ஹாசகுரா'. பூ பார்த்துப் பார்த்து, கூட்டத்தில் அலைந்து களைத்துப் போவதற்கும் ஒரு சொல் இருக்கிறது: 'ஹனாத்சுகாரே'.

கூட்டத்தில் களைக்க விரும்பாதவர்களுக்கு டோக்கியோவில் வேறு இடங்கள் உண்டு. 58 ஹெக்டேர் பரப்புள்ள ஷிஞ்ஜுகு கியோஎன் தோட்டத்தில் மதுவுக்குத் தடை. வாசலில் பையைத் திறந்து பார்த்துத்தான் விடுவார்கள். நுழைவுக் கட்டணம் இருப்பதாலும் குடி இல்லாததாலும் உள்ளே சத்தம் குறைவு. பல ரகச் செர்ரிகள் இருப்பதால் ஒரு வாரம் தவறினாலும் ஏதாவது ஒன்று பூத்திருக்கும். எடோ மக்களின் பழைய ஒரு மாதப் பூக்காலம் எப்படி இருந்திருக்கும் என்பதை ஓரளவு அங்கே உணரலாம். 1684இல் ஷோகனின் மூலிகைத் தோட்டமாகத் தொடங்கி இன்று டோக்கியோ பல்கலைக்கழகத்திடம் இருக்கும் கோயிஷிகாவா தாவரவியல் பூங்காவும் அமைதியான இடம்தான்.

நாள் நகர்கிறது

கியோத்தோவில் பேரரசர்களும் பிரபுக்களும் துறவிகளும் எழுதிய நாட்குறிப்புகளில், எந்த நாளில் பூவிருந்து நடந்தது, எப்போது பூ முழுதாக விரிந்தது என்ற குறிப்புகள் நூற்றாண்டுகளாகக் கிடக்கின்றன. ஒசாகாவில் பணியாற்றிய ஆய்வாளர் அவோனோ யாசுயுகி அவற்றைத் தேடிச் சேர்த்து, ஒன்பதாம் நூற்றாண்டிலிருந்து ஒரே வரிசையாகத் தொகுத்தார். விருந்துக்குப் போனவர்கள் பொழுதுபோகாமல் எழுதி வைத்தது, இன்று பருவநிலை ஆய்வாளர்களுக்கு உலகின் மிக நீண்ட பதிவுகளில் ஒன்றாகப் பயன்படுகிறது. அந்த வரிசையில் 2021 மார்ச் 26 அன்று வந்த முழுமலர்ச்சி, அதுவரையிலான ஆயிரத்து இருநூறு ஆண்டுகளில் மிக முன்னதானது. அதற்கு முந்தைய சாதனை 1409ஆம் ஆண்டின் மார்ச் 27.

டோக்கியோவில் மலர்ச்சி தொடங்கியதில் மிக முந்தைய தேதி மார்ச் 14. 2020, 2021, 2023 என்று நான்கு ஆண்டுகளில் மூன்று முறை அந்தத் தேதி வந்தது. 2024இல் மார்ச் 29க்குத் தள்ளிப்போனது. வெப்பம் கூடினால் பூ சீக்கிரம் வரும் என்று நேர்கோடாகச் சொல்லிவிடவும் முடியாது. குளிர் உறைத்தால்தான் மொக்கு உறக்கம் கலைக்கும் என்று பார்த்தோம். குளிர்காலம் போதிய அளவு குளிராவிட்டால் மலர்ச்சி தாமதமாகும், சீராகவும் இராது. கியூஷுவின் தென்கோடிக்கு இந்தக் கவலை ஏற்கெனவே இருக்கிறது.

பள்ளியில் சேரும் முதல் நாளன்று வாசலில் செர்ரி பூத்திருக்க, புதுப் பையோடு நிற்கும் பிள்ளையின் படம் ஜப்பானிய வீடுகளில் சாதாரணம். டோக்கியோவில் பல ஆண்டுகள் பள்ளி திறப்பதற்குள் பூ கொட்டி இலை வந்துவிடுகிறது.

மூப்பும் வண்டும்

ஒரே மரம் என்பதற்கு இன்னொரு விலை உண்டு. ஒன்றைப் பிடிக்கும் நோய் எல்லாவற்றையும் பிடிக்கும். 'தெங்குசு' என்ற பூஞ்சை நோய் வந்த கிளை, பூக்காமல் துடைப்பம்போலக் குச்சி குச்சியாகத் தழைக்கும். சோமெய் யோஷினோ அதற்கு எளிதில் ஆட்படுகிற ரகம். போருக்குப் பின் ஒரே காலத்தில் நட்ட மரங்கள் இப்போது ஒரே காலத்தில் மூப்படைகின்றன. 2012இல் அய்ச்சி மாகாணத்தில் புதிதாக ஒரு வண்டு தென்பட்டது. உடல் கறுப்பு, கழுத்து மட்டும் சிவப்பு. ஆசியக் கண்டத்திலிருந்து வந்தது. அதன் புழு செர்ரியின் பட்டைக்குள் புகுந்து குடைந்து மரத்தையே சாகடிக்கும். அடிமரத்தில் மரத்தூள் கொட்டிக் கிடந்தால் உள்ளே அது இருக்கிறது என்று பொருள். சில நகராட்சிகள் வண்டைப் பிடித்துக் கொடுப்பவர்களுக்குச் சன்மானம் தருகின்றன.

காப்பாற்ற வழி இல்லாமல் இல்லை. வடக்கே அவோமோரி மாகாணத்தின் ஹிரோசாகி நகரம் ஆப்பிளுக்குப் பேர்போனது. செர்ரியை வெட்டுபவன் முட்டாள் என்பது ஜப்பானில் பழைய சொல். வெட்டுக்காயம் வழியாக மரம் அழுகிவிடும் என்ற பயம். ஹிரோசாகிக் கோட்டைப் பூங்காவின் தோட்டக்காரர்கள் அதைக் கேட்காமல், ஆப்பிள் மரத்துக்குச் செய்வதுபோலக் கவாத்து செய்து, வெட்டிய இடத்தில் மருந்து பூசி, மண்ணைக் கிளறி உரமிட்டார்கள். 1882இல் நட்ட சோமெய் யோஷினோ அங்கே இன்னும் பூக்கிறது. சாதாரணமாக ஒரு மொக்கிலிருந்து மூன்று நான்கு பூ வருமென்றால், அங்கே அதற்கும் மேல் வருகிறது.

வேறு ரகத்துக்கு மாறுவோரும் உண்டு. 'ஜிந்தாய் அகெபோனோ' என்ற ரகம் நிறத்தில் சற்று அழுத்தம், தெங்குசு நோய்க்கு எளிதில் மசியாது. சோமெய் யோஷினோ வீழ்ந்த இடங்களில் இதை நடுகிறார்கள். இதன் பூர்வீகம் சுவையானது. 1912இல் டோக்கியோ நகரம் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனுக்கு 3,020 செர்ரிக் கன்றுகளை அன்பளிப்பாக அனுப்பியது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு அனுப்பிய கன்றுகளில் பூச்சி இருந்ததால், அமெரிக்க அதிகாரிகள் அவற்றைத் தீயிட்டுக் கொளுத்தியிருந்தார்கள். இது இரண்டாவது முயற்சி. செர்ரி இப்படிக் குடியேறிய அமெரிக்காவில் உருவான 'அகெபோனோ' என்ற ரகம் பிற்பாடு ஜப்பானுக்கு வந்தது. அதன் வழியாக டோக்கியோவின் ஜிந்தாய் தாவரவியல் பூங்காவில் கண்டறியப்பட்டதுதான் ஜிந்தாய் அகெபோனோ.

போகிறவர்களுக்கு

டோக்கியோ பூவைப் பார்க்க மார்ச் 25க்கும் ஏப்ரல் 5க்கும் இடையில் திட்டமிடுவது ஓரளவு பாதுகாப்பு. தவறிவிட்டால் ரயிலேறி வடக்கே போனால் போதும். ஹிரோசாகியில் ஏப்ரல் இறுதியில் பூத்திருக்கும். வார நாளில் காலையில் போனால் அசுகாயாமாவில் நிம்மதியாக உட்கார இடம் கிடைக்கும். பாயில் ஏறுமுன் செருப்பைக் கழற்றுங்கள். மரத்தின் வேர்மேல் விரிக்காதீர்கள். மிதிபட்டு இறுகிய மண்ணில் வேருக்கு மூச்சு முட்டும். படத்துக்காகக் கிளையை வளைக்க வேண்டாம். குப்பையைக் கட்டி எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். ஜப்பானியப் பூங்காக்களில் குப்பைத்தொட்டி தேடினாலும் எளிதில் கிடைக்காது. மாலையில் குளிர் திரும்பும், மேல்சட்டை அவசியம்.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு மேகாலயம் இருக்கிறது. இமயமலைச் சாரலுக்கே உரிய காட்டுச் செர்ரி ஷில்லாங் நகரில் பூக்கிறது. 2016 முதல் அங்கே செர்ரிப் பூ விழாவும் நடத்துகிறார்கள். அந்த மரம் பூப்பது நவம்பரில்.